பாம்புச்செவி

பாம்புச்செவி அக்காவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று அலுவலகம் முழுக்க ஒரே பேச்சு.

பின்னால் நின்று இரண்டு தடவை கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரே பேச்சுப் பதிவை இரண்டு முறை கொடுத்துப் பார்த்தார்கள். காலையில் மேல்கரை என்று எழுதியவர், மாலையில் அதையே கீழ்க்கரை என்று எழுதினார்.

அங்கே வேலையே காதுதான். அடைக்கலம் கேட்டு வருகிறவர்களின் பேச்சைப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் கேட்டு, பேசுகிறவர் எந்தக் கரைக்காரர் என்று எழுத வேண்டும். அவர்கள் ஊர் ஆற்றின் இரண்டு கரையிலும் பேசுவது இங்கிலீஷ்தான். நமக்கெல்லாம் இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். மேல்கரைக்காரர்கள் வார்த்தையின் வாலை லேசாக இழுப்பார்கள், கீழ்க்கரைக்காரர்கள் விழுங்கிவிடுவார்கள் என்பார் அக்கா.

சண்டை நடப்பது மேல்கரையில். மேல்கரை என்று எழுதினால் இங்கேயே இருக்கலாம். கீழ்க்கரை என்றால் பொய் சொன்னதாக ஆகிவிடும், திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பத்தொன்பது வருடமாக அக்கா எழுதியதுதான் முடிவு. அதில் அவருக்குக் கர்வமும் உண்டு. "மெஷின் தப்பாச் சொல்லும், நான் சொல்ல மாட்டேன்" என்பார். அதனால்தானோ என்னவோ, இப்போது யாருக்கும் பரிதாபம் வரவில்லை.

"கேக்காத காதை வெச்சுக்கிட்டு எத்தனை குடும்பத்தை ஏத்தி அனுப்பினாங்களோ" என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

மேலாளர் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கேட்டேவிட்டார்.

"கீழ்க்கரைன்னு நீங்களே எழுதின அந்த ரெண்டு புள்ளைக்காரி ஃபைலைத் திரும்பக் கேக்கணும்னு போன மாசம் மூணு தடவை எழுதிக் கொடுத்தீங்க. மனசு மாறினதுக்கெல்லாம் ஃபைலைத் திறக்க விதி இல்லைன்னு சொன்னேன். வர்ற வெள்ளிக்கிழமை அவளை விமானத்துல ஏத்தப் போறாங்க. காது போனதைக் கவுரவம் பாத்து மறைச்சீங்களாக்கா?"

"என்ன சொன்னீங்க?" என்று அக்கா காதருகே கையைக் குவித்தார்.

மேலாளர் தலையில் அடித்துக்கொண்டு காது டாக்டருக்குச் சீட்டு எழுதினார்.

டாக்டரின் அறையில், சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். பாதிச் சத்தத்துக்கு மேல் அக்கா அழுத்தவே இல்லை.

புதன்கிழமை சான்றிதழ் வந்தது. மேலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். கேட்பவரின் காது பழுது என்று தெரிந்தால், கடைசி ஒரு வருடத்தில் அவர் எழுதிய அத்தனை ஃபைலையும் வேறு ஒருவர் திரும்பக் கேட்க வேண்டும். அதுவரை யாரையும் அனுப்பக் கூடாது.

மொத்தம் அறுபத்து மூன்று ஃபைல்.

"இனிமே இந்த வேலைக்கு நீங்க வர முடியாது. புரியுதா?" என்று மேலாளர் சத்தமாகச் சொன்னார்.

அக்கா தலையாட்டினார். கொண்டுவந்திருந்த ஹெட்போனின் கம்பியை ஒழுங்காகச் சுற்றி மேஜையில் வைத்துவிட்டு நடந்தார்.

மேலாளர் முத்திரையை மையில் ஒற்றினார். ஏனோ கை நின்றது. கதவருகே போய்விட்ட முதுகைப் பார்த்து, தனக்கே கேட்காத குரலில் முணுமுணுத்தார்.

"அந்த ரெண்டு புள்ளைக்காரி பேச்சுல அப்படி என்னதான் இருந்துச்சு?"

"பூரா கீழ்க்கரைதான்" என்றார் அக்கா, திரும்பாமலே. "சின்ன வயசுல சண்டைக்குப் பயந்து ஓடி, அந்தக் கரையில வளந்திருப்பா. நடுவுல புள்ள அழுதப்ப அதட்டினா பாருங்க, அந்த ஒரு வார்த்தை மட்டும் மேல்கரை. மொதல்ல அதை நான் கவனிக்காம விட்டுட்டேன். தப்பு என்னுது."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கதவுப் பிடியில் வைத்த கை அப்படியே இருந்தது.

மேலாளர் சான்றிதழைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் ஃபைலை இழுத்து, 'குழந்தை அழும் இடத்தைக் கவனித்துக் கேட்கவும்' என்று எழுதினார். சான்றிதழில் முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

பிறகு, வெளியே இருக்கிற எல்லா மேஜைக்கும் எட்டும்படி கத்தினார்.

"ரோட்டுல பாத்துப் போங்கக்கா. வண்டிக்காரன் ஹாரன் அடிச்சாலும் உங்களுக்குக் கேக்காது."