போஸ் கொடுத்த பஞ்சுருட்டான்

"இந்த பைக்கையெல்லாம் உள்ளே விட்டா, குருவிங்க எங்க போகும்? சொல்லுங்க!"

பிரெண்டா மேசையைத் தட்டினார். ஷா ஆலம் நகர மண்டபத்தில் கைதட்டல் காதைப் பிளந்தது.

வட்டாரத் திட்டக் கூட்டம். பழைய ஈயச் சுரங்கம் விட்டுப்போன மணல்வெளி ஒன்று. சுற்றுவட்டாரத்தில் அதற்குப் 'பாலைவனம்' என்றே பேர். அதை பைக் பந்தயக்காரர்களுக்குக் கொடுப்பதா, மணலில் பொந்து தோண்டிக் குஞ்சு பொரிக்கும் பஞ்சுருட்டான் குருவிகளுக்கு விட்டுவைப்பதா? இன்று முடிவு தெரிந்துவிடும்.

பிரெண்டா, பிரிக்பீல்ட்ஸ் பறவைப் படக் குழுவின் தலைவி. எதிர் வரிசையில் குகன், கிள்ளானில் பல் டாக்டர். ஞாயிறானால் பைக்கும் புழுதியுமாக அலைகிற ஆள்.

குகன் எழுந்து, அதிகாரி சந்திரகலாவைப் பார்த்தார்.

"புவான், பொந்து இருக்கிற பக்கம் நாங்க போறதே இல்ல. பழைய டயரை வரிசையா போட்டு நாங்களே மறிச்சு வெச்சிருக்கோம். பாதி எடம் எங்களுக்கு, பாதி குருவிக்கு. அது போதும்."

"பைக் ஓட்றவங்க குருவியைக் காப்பாத்துறாங்களாம்! நம்பிட்டோம் லா!" என்றார் பிரெண்டா.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பாவம், குகன் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தக் குருவியோட அருமை இவங்களுக்கு எங்க தெரியப் போகுது? நான் காட்டுறேன் பாருங்க!"

பிரெண்டா பரபரவென்று படங்களைத் திரையில் ஓடவிட்டார்.

அடடா! பச்சையும் நீலமுமாக, அலகில் தும்பியோடு ஒரு பஞ்சுருட்டான். மண்டபமே 'ஆ' என்றது. அடுத்த படத்திலும் அதே குருவி, அதே தும்பி. அதற்கடுத்த படத்திலும் அப்படியே.

"அம்மாடி! இவ்வளவு கிட்டக்க எப்படி எடுத்தீங்க?" சந்திரகலா நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார்.

"அந்த டயரையெல்லாம் தாண்டிப் போயி, பொந்து வாசல்லயே உக்காந்துட்டேன்ல!" பிரெண்டாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "சொன்னா நம்ப மாட்டீங்க புவான். அரை மணி நேரம்! வாயில தும்பியை வெச்சுக்கிட்டு, அசையாம போஸ் கொடுத்துச்சு!"

மறுபடியும் கைதட்டல். விசில்கூட பறந்தது.

குகன் மட்டும் கைதட்டவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் அடங்கியதும் மெதுவாகச் சொன்னார்:

"அக்கா, பொந்துக்குள்ள குஞ்சுங்க பசியில கெடந்திருக்கும். நீங்க எப்ப எழுந்து போவீங்கன்னு அது காத்துக்கிட்டு இருந்துச்சு."