எதிர் நாற்காலி

சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் அவள், பேனாவும் காகிதமுமாக. நேர் எதிரே அவன், கைகளைக் கட்டிக்கொண்டு. சமையலறை வாசலில் முக்காலி போட்டு அவளுடைய அக்கா. கைப்பேசிகள் எல்லாம் பக்கத்து அறையில் பூட்டிக் கிடந்தன.

மகள் யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கில் அவள் தன் தரப்பை எழுதி அனுப்ப அன்றுதான் கடைசி நாள். பல நாளாக எழுதுகிறாள். இரண்டு வரியைத் தாண்டவில்லை. கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு அவளுக்கு. எதிரே ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே வேலை ஓடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவள் எழுந்தாள். "அந்த டம்ளரை மட்டும் கழுவி வெச்சிட்டு..."

"டம்ளர் கோர்ட்டுக்கு வராது. உட்காரு," என்றான் அவன்.

உட்கார்ந்தாள்.

"காலையிலேர்ந்து பல்லுல பச்சத் தண்ணி படல. கொஞ்சம் எழுந்திரிங்க தம்பி," என்றாள் அக்கா.

"நான் எழுந்தா அவளும் எழுந்துடுவாக்கா."

ஒருவழியாகக் கடைசித் தாளில் கையெழுத்து விழுந்தது. அவள் முகம் கழுவப் போனாள். அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"இது போகலேன்னா பிள்ளை தானா உங்ககிட்ட வந்திருக்கும். கேஸ் போட்ட நீங்களே காவல் இருக்கீங்களே!"

"ஜெயிச்சா கோர்ட்ல பேசி ஜெயிக்கணும்க்கா. உங்கம்மா லெட்டர் அனுப்ப மறந்துட்டா, அதான் நீ என்கிட்ட இருக்கேன்னு என் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது?"

அவள் வந்து உறையை ஒட்டினாள். வழியில் வேறெங்கும் திரும்பிவிடாமல் அவன் தபால் நிலையம்வரை கூடவே நடந்தான். பதிவுத் தபாலுக்கு அவளே நீட்டினாள். முத்திரை விழும்வரை நின்று பார்த்தான்.