இருபத்தாறு நாள் கழித்து ஒரு டூட்டி

படூர் அடுக்ககத்தின் வாசலில் கம்பெனி கார் வந்து நின்றதும் சங்கரிக்குக் கால் தரையில் பாவவில்லை. 2009 பிறந்ததிலிருந்து கம்பெனியில் விமானங்களைக் குறைக்கிறார்கள், அடுத்து பைலட்டுகள்தான் என்ற பேச்சு. பைலட்டான அவள் கணவன் ஹரிகிருஷ்ணன் இருபத்தாறு நாளாக வீட்டில்தான் கிடந்தான்.

"இன்னா மேடம், சாருக்கு டூட்டி வந்துடுச்சா! இனிமே எனக்கும் சவாரிதான்," என்று மாடியில் நின்றவளை அண்ணாந்து பார்த்துச் சிரித்தான் டிரைவர் கலைவாணன்.

வீட்டுக்குள் ஹரிகிருஷ்ணன் மட்டும் ஷூ நாடாவைக் கட்டாமல் உட்கார்ந்திருந்தான்.

"எந்த ஊருக்குங்க?"

"பிரான்ஸ்."

"நம்ம கம்பெனி மதுரையைத் தாண்டினதே இல்லையே! எத்தனை பேர் வராங்க?"

"பயணிங்க யாருமே இல்ல."

சங்கரிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. 'புது ரூட்டுக்கு வெள்ளோட்டம் போல' என்று தானே முடிவுகட்டி, ஓடிப்போய் ஸ்வெட்டரை எடுத்து வந்தாள்.

"எப்போ திரும்புவீங்க?"

"நாளன்னிக்கு. வேற கம்பெனி ஃப்ளைட்ல, டிக்கெட் எடுத்து."

"அப்போ நம்ம விமானம்?"

"அது நம்மளது இல்ல சங்கரி, வாடகைக்கு எடுத்தது. கம்பெனி வேணாம்னு சொல்லிடுச்சு. அங்க அதோட சொந்தக்காரன்கிட்ட விட்டுட்டு வரணும்."

ஸ்வெட்டர் அவள் கையிலேயே நின்றது.

"சரி, ஒண்ணு போனா போகட்டும். அடுத்த டூட்டி எப்போ?"

"எதுல? மிச்ச மூணையும் போன வாரமே ஒப்படைச்சாச்சு."

கீழேயிருந்து கலைவாணன் ஹாரன் அடித்தான்.

"சீக்கிரம் வா சார், பிளேன் போயிடப் போவுது!"