மார்க்கை அனுப்பாதே!

"எம்.பி.ஏ.வுக்கு நுழைவுத்தேர்வு மார்க் கட்டாயமில்லதானே? கணக்குல நீ வாங்கின லட்சணத்துக்கு அதை அனுப்பாதேம்மா," என்றார் மானேஜர், மறுபடியும்.

டைல்ஸ் கடையின் விற்பனைப் பெண்ணுக்குச் சுருக்கென்றது. அவள் படிக்கப் போய்விட்டால் கடையில் மாடாய் உழைக்க ஆள் ஏது? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுகிறது!

"மறைச்சாதான் சார் சந்தேகப்படுவாங்க." அவர் கண்ணெதிரிலேயே மொபைலில் காலேஜுக்கு மார்க்கை அனுப்பினாள்.

மானேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உங்களுக்கென்ன சார் நஷ்டம்?"

"உன்னைப் பத்தி விசாரிக்க காலையில காலேஜ்லேருந்து போன் பண்ணாங்க. அப்ளிகேஷன்ல மார்க் இல்லையே, பரீட்சை ஏன் எழுதலைன்னு கேட்டாங்க. 'கணக்குல புலி, நான்தான் லீவு கொடுக்கலை'ன்னு அடிச்சு விட்டுட்டேனே!"