நாலு எண்

அவனை வண்டியில் ஏற்றியாகிவிட்டது. டிரைவர் இன்னும் சாவி போடவில்லை.

"ஏழாயிரம்கா. மொதல்ல போட்டுடுங்க. பெங்களூர்ல இருந்து அரூர் பக்கம், சும்மாவா? போன வாரம் ஒருத்தரு ஊருக்குப் போய்த் தரேன்னாரு. எறக்குனதும் ஆளையே காணோம்."

அவள் முந்தானையில் முடிந்திருந்தது பஸ் காசு மட்டும்.

பணம் புருஷன் போனுக்குள் இருந்தது.

நேற்றுக் காலை கட்டடத்தில் சாரம் சரிந்தது. பத்து மணிக்கு உயிர் போனது. பதினோரு மணிக்கெல்லாம் மேஸ்திரி பணம் அனுப்பிவிட்டான். செத்தவன் பேருக்கே. டிங் என்று ஒரு சத்தம். பிறகு மேஸ்திரியின் போன் அணைந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அறுத்து, கட்டி, இப்போதுதான் கொடுத்தார்கள். ஊரில் குழி வெட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

டிரைவர் போனை வாங்கினான். வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த கட்டம்போட்ட படத்துக்கு நேரே காட்டினான். தொகையைத் தட்டினான். திருப்பிக் கொடுத்தான்.

"நம்பரைப் போடுங்க. நாலு எண்ணு. போட்டுட்டு இந்த மூலையைத் தொடுங்க."

அவளுக்குத் தெரியாது.

ஒருமுறை கேட்டிருக்கிறாள். அரிசிக்கடையில். என்னய்யா நம்பரு என்று.

"உனக்குத் தெரிஞ்சதுதான். விடு."

அவ்வளவுதான் சொன்னான். சொல்ல மனசில்லாதவன் சொல்கிற பதில் என்று அவளும் விட்டுவிட்டாள்.

"பாதிப் பேரு ஒண்ணு ரெண்டு மூணு நாலுதான் வெப்பாங்க. போட்டுப் பாருங்கக்கா."

போட்டாள்.

சிவப்பாக ஏதோ வந்தது.

"இல்லியா? வெவரமான ஆளுதான். பாத்துக்கா. மூணு தடவை தப்புனா பூட்டிக்கும். அப்புறம் நாளைக்குத்தான்."

நாளை வரை தாங்காது. இப்போதே வண்டிக்குள் ஈ மொய்த்தது.

அவள் கண்ணை மூடினாள்.

அரிசிக்கடை. சனிக்கிழமை. அவள் பையின் வாயை விரித்துப் பிடித்து நிற்கிறாள். பைக்கு அந்தப் பக்கம் அவன். இடது கையில் போன். வலது கைக் கட்டைவிரல், பலகை விழுந்து நகம் செத்த விரல், நடக்கிறது.

அடியில். இடப்பக்கம். உச்சியில். மறுபடி இடப்பக்கம்.

எத்தனை சனிக்கிழமை. எண்ணைப் பார்த்ததில்லை. விரலைப் பார்த்திருக்கிறாள்.

அப்படியே அழுத்தினாள்.

சிவப்பு.

டிரைவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். தார் சுட்டது. அசையவில்லை. விரலை அவள் தப்பாகப் பார்க்கவில்லை. அது மட்டும் நிச்சயம்.

அப்புறம்தான் உறைத்தது.

அவன் எதிரில் நின்றான். எப்போதும் எதிரில்தான் நின்றான்.

போனைத் தலைகீழாகத் திருப்பினாள். எண்களெல்லாம் கவிழ்ந்து நின்றன. அவற்றை அவள் படிக்கவில்லை. எதிரில் அவன் பிடித்திருப்பதுபோல் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

அடியில். இடப்பக்கம். உச்சியில். இடப்பக்கம்.

பிறகு, டிரைவர் முன்பே காட்டிக்கொடுத்திருந்த மூலையைத் தொட்டாள்.

பச்சை.

அதே நொடியில் டிரைவரின் போன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தான்.

"வந்துடுச்சுக்கா. மாதையன்னு காட்டுது. யாரு, உங்க தம்பியா?"

அவள் வண்டியின் பின்பக்கம் கையைக் காட்டினாள்.

அவன் போய்ச் சாவி போட்டான்.

வண்டிக்குள் துணிமூட்டையாகக் கிடந்தவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஈயை விரட்டினாள். மேம்பாலம் ஏறும்போது போன் மடியில் சரிந்தது. எடுத்து நேராக வைத்தாள். சும்மாதான், விரல் போன வழியை எண்களின் மேல் வைத்துப் பார்த்தாள்.

உச்சியில் இரண்டு. வலப்பக்கம் ஆறு. அடியில் சைபர். வலப்பக்கம் ஒன்பது.

இருபத்தாறு. ஒன்பதாம் மாசம்.

தகரப்பெட்டியில் சேலைக்கு அடியில் ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது. அவனுக்குத் தெரியாமல் வைத்திருக்கிறாள். பெண் குழந்தை. ஒன்றே முக்கால் கிலோ. கீழே இதே தேதி.

சாயங்காலம் வரை உயிர் இருந்தது. இருட்டுவதற்குள் அவனே கடப்பாரை எடுத்துப் போனான். மறுநாள் காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

"போனது போச்சு" என்றான். அதன்பிறகு ஒன்பது வருஷம், அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. வேறு பிள்ளையும் கிடையாது. சண்டை வந்தால் அவள் அவனைக் கல்லு என்பாள். நீ மனுசனா என்பாள். அவன் எழுந்து வெளியே போய் டீ குடித்துவிட்டு வருவான்.

டீக்கும் போனில்தான் காசு கொடுப்பான்.

அரிசிக்கு. பீடிக்கட்டுக்கு. போன மாசம் அவளுக்கு எடுத்த ரப்பர் செருப்புக்கு.

ஒவ்வொரு தடவையும்.