ஒன்பது கிணறும் ஒரு மெஷினும்

“இன்னொரு தடவை பாத்துருங்க சார். எங்க பொழப்பே உங்க கையிலல்லா இருக்கு!” என்றார் ஊர்த்தலைவர் ஜேசுபாதம்.

அது நான்காவது தடவை. நிலத்தடி நீர்த் துறை இன்ஜினீயர் செல்வதுரை, நீளமான கண்ணாடிக் குழாயைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார். மேலே தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தார். தண்ணீர். அடியிலிருந்து நுனிவரை வெறும் தண்ணீர். வெள்ளைக் காகிதத்தை நனைத்துக் காயவைத்தும் பார்த்தாயிற்று. எண்ணெய்க் கறையே இல்லை.

ஒன்பது கிணறுகளிலும் இதே கதைதான். செல்வதுரைக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, எழுபத்து மூன்றில், துறைமுகச் சாலையில் இருந்த எண்ணெய்க் கம்பெனி டாங்கு ஒழுகி டீசல் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. அப்போது இதே குழாயை இதே கிணற்றில் இறக்கியபோது, தண்ணீருக்கு மேலே நாலு விரல் கனத்துக்கு டீசல் நின்றது. கம்பெனி எண்ணெயை உறிஞ்சி எடுக்கிற ஒரு வெளிநாட்டு மெஷினைக் கப்பலில் வரவழைத்து, தெரு முனையில் ஷெட் போட்டு நிறுத்தியது. கிணறுகளில் யாரும் கை வைக்கக் கூடாது, வைத்தால் கேஸ் என்று போர்டும் மாட்டியது.

அரசு கொடுத்த கெடு இரண்டு வருஷம். அதற்குள் எண்ணெய் போகாவிட்டால் தீப்பிடிக்கிற ஆபத்து என்று கடலோரத் தெருவின் அறுபது மீனவர் வீடுகளையும் காலி செய்து, உப்பளத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். கெடு இன்றோடு முடிகிறது.

“தண்ணியக் குடிக்கலாமான்னு லேப்ல சொல்லுவாங்க. ஆனா ஒரு சொட்டு டீசல்கூட மிதக்கல. நீங்க யாரும் எங்கயும் போக வேண்டாம்!” என்றார் செல்வதுரை.

கூட்டத்தில் முன்னால் நின்ற சலேத்தம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு அழுதேவிட்டாள்.

“புத்தகத்துல பத்து வருஷம் ஆகும்னு போட்டிருக்கான். ரெண்டே வருஷம்! அந்த மெஷின் இருக்கே, அது மெஷினே இல்ல, தெய்வம்!” செல்வதுரை மெஷின் ஆப்பரேட்டர் தாணுலிங்கத்தைக் கட்டிப்பிடிக்காத குறைதான். “மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடுச்சு? ரிப்போர்ட்ல எழுதணும்.”

தாணுலிங்கம் தலையைச் சொறிந்தான்.

“ஓடல சார்.”

“இன்னைக்கா?”

“வந்ததுலேருந்தே ஓடல சார். ஏதோ ஒரு பார்ட்டு கப்பல்ல வரணுமாம். தெனம் தூசி மட்டும் தட்டுதேன்.”

செல்வதுரை பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

“அப்ப எண்ணெய் எப்படிப் போச்சு? எப்படின்னு தெரியாம நான் கையெழுத்துப் போட முடியாது. மண்ணுக்குள்ள இருக்கிறது நாளைக்கே திரும்ப ஊறலாம். அப்புறம் ஒரு தீக்குச்சி போதும், தெருவே போயிரும். மன்னிச்சுக்கோங்க. காலி பண்ணத்தான் வேணும்.”

ஜேசுபாதம் தரையைப் பார்த்தார். ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நான் சொல்லிப்போடுதேன்” என்றாள் சலேத்தம்மாள்.

“ஏளா சலேத்து, சும்மா கெட!” என்று அதட்டினார் ஜேசுபாதம்.

“ஜெயிலுக்குப் போனாலும் போறேன் அண்ணாச்சி, கடலை விட்டுப் போகமாட்டேன்.” அவள் செல்வதுரை பக்கம் திரும்பினாள். “நாங்கதான் சார் எடுத்தோம். தாணுலிங்கம் மத்தியானம் சாப்பிட்டுட்டு ஒறங்கப் போவான். அந்த நேரத்துல நாங்க பொம்பளைய எல்லாம் சேந்து ஒம்பது கெணத்துலயும் எறங்கிருவோம். மேல மெதக்கிறத தகரத்தால வழிச்சு, துணியில வடிகட்டி, டின்னுல ஊத்துவோம். எடுக்க எடுக்க ஊறும் சார். நாங்களும் விடல. ஞாயித்துக்கெழமை தவிர ஒரு நாளும் விடல.”

செல்வதுரை கிணற்றைத் திரும்பிப் பார்த்தார். எடுக்க எடுக்கத்தான் மண்ணில் இருப்பது கிணற்றுக்கு வரும். மெஷினும் அதைத்தான் செய்திருக்க வேண்டும். இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அந்தப் பெண்களின் கைகளைப் பார்த்தார். டீசலில் ஊறித் தோல் உரிந்து வெளுத்திருந்தன. தெருவைக் காப்பாற்ற இரண்டு வருஷம்! இப்படிப்பட்ட ஜனங்களை அவர் சொந்த ஊரான நாசரேத்திலும் பார்த்ததில்லை, மெட்ராஸிலும் பார்த்ததில்லை.

“அம்மா, உங்க மேல கேஸ் போட்டா அவன் மனுஷனே இல்ல” என்றவர், அங்கேயே நின்றபடி கையெழுத்துப் போட்டார். அப்புறம் அறுபது வீட்டுப் பெண்களையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

கும்பிட்ட கையை இறக்கும்போதுதான் இன்ஜினீயர் புத்தி மெல்ல எட்டிப் பார்த்தது.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்கம்மா. இனிமே ஊறாதுன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?”

“தெரியாம என்ன சார்?” சலேத்தம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள். “ஊறுனா எங்க மீன்பிடி லாஞ்சு பன்னெண்டும் கடலுக்குப் போயிருக்காதா? ரெண்டு வருசமா ஓடுனது, டீசல் இல்லாம திங்கக்கெழமையிலேருந்து கரையிலல்லா நிக்கு!”