மறுப்பு

“கெட்ட பேரு வந்துச்சின்னா, அத எறக்கி வைக்க நாமதான் நடக்கணும், வேற எவனும்...” என்று என்னமோ சொல்லுவார் மாமனார். மீதி ஞாபகத்துக்கு வரவில்லை. வந்தவரைக்கும் போதும் என்று செவ்வாய்க்கிழமை காலையில் அம்சவல்லி படியேறினாள்.

பாலக்கரையில், மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது லோக்கல் கேபிள் சேனல். கேமராக்காரன் ஸ்டான்லி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். முதலாளி பிலோமின்ராஜ் ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“என்னத் தெரியுதா?” என்றாள்.

ஸ்டான்லி திரும்பிப் பார்த்தான். தெரிந்துவிட்டது. “பீங்கான் கம்பெனி அக்கா...”

“திருடி. அப்டித்தான போட்டீங்க?”

சனிக்கிழமை நடந்தது இவ்வளவுதான். கைப்பிடி உடைந்தது, பளபளப்பு சரியாகப் பிடிக்காதது என்று கழித்துப் போட்ட கப்புகளை, சூளை பிரிக்கும் அன்றைக்கு வேலை செய்கிறவர்களே வீட்டுக்கு எடுத்துப் போகலாம். கம்பெனியில் பல வருஷப் பழக்கம். புதிதாக வந்த வாட்ச்மேனுக்கு அது தெரியாது. கேட்டில் அவள் பையைப் பிடுங்கி, ஆறு கப்பை வெளியே எடுத்து வைத்துக் கத்தினான். கொலு பொம்மை விளம்பரம் எடுக்க வந்திருந்த ஸ்டான்லி கேமராவை அந்தப் பக்கம் திருப்பிவிட்டான்.

பத்து நிமிஷத்தில் சூப்பர்வைசர் ஓடி வந்து, “யோவ், அது ரிஜெக்ட்டுய்யா, வுடு” என்றார். அதற்குள் ஸ்டான்லியின் பைக் கிளம்பிப் போயிருந்தது.

அன்று ஏழு மணிச் செய்தியில், ‘பெண் தொழிலாளி கையும் களவுமாகச் சிக்கினார்.’ அவள் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பின்னால் பேய்ப் படத்து மியூசிக். போட்ட சிடியை மாற்ற ஆளில்லாமல் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதுவே சுற்றிக்கொண்டிருந்தது.

“சூப்பர்வைசரு நேத்தே போன் பண்ணிட்டாருக்கா. தப்பு எம்மேலதான்” என்றான் ஸ்டான்லி. “மறுப்பு போட்டுடறேன். நல்ல போட்டோ ஒண்ணு குடுங்க. அம்சவல்லி நிரபராதின்னு பேரோட...”

“என் மூஞ்சிய இன்னொரு வாட்டி காட்டுவியா? அன்னிக்கிப் பாக்காதவனும், யார்றா இவ, என்னாத்த எடுத்தான்னு கேப்பான்.”

“சரி, போட்டோ வேணாம். கீழ எழுத்தா ஓட வுடறேன்.”

“கீழ ஓடுறத யாரு படிக்கிறா? அடகுக் கடைக்கும் பொறந்த நாள் வாழ்த்துக்கும் நடுவுல என் மானம் ஓடணுமா?”

“மூஞ்சியும் வேணாம், பேரும் வேணாம், எழுத்தும் வேணாம். அப்ப எப்பிடிக்கா மறுப்பு போடறது?”

“அத நீ யோசி. திருடின்னு போடறதுக்கு எங்கிட்டயா யோசன கேட்ட?”

ஸ்டான்லி மௌஸை உருட்டினான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

“சார், எம்பொண்ணு துர்கா பத்தாவது படிக்கிறா. ‘டீ குடிக்கணும், ஒரு கப்பு குடுடி’ன்னு கேக்குதாம் கூடப் படிக்கிற புள்ளைங்க. நேத்து மத்தியானம் ஸ்கூல்லேந்து பாதியில வூட்டுக்கு வந்து படுத்தவதான். வியாழக்கெழம காலாண்டுப் பரிச்ச. அவ எழுந்து ஸ்கூலுக்குப் போவணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

பிலோமின்ராஜ் பேப்பரை மடித்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஸ்டான்லி, மறுப்பெல்லாம் போட வேணாம்.”

“அண்ணே, பாவம்ணே...”

“வேணாம்னா வேணாம். நீங்க போயிட்டு வாங்கம்மா.”

அம்சவல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “போறேன். நாளைக்கும் வருவேன், நாளான்னிக்கும் வருவேன். சேனலுக்காரர் வாசல்ல ஒரு திருடி ஒக்காந்துக்கினு இருந்தா ஊரு வேடிக்க பாக்கும். அதையும் படம் புடிங்க.”

வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு ராஜாம்பாள் மதில் மேல் எட்டிப் பார்த்தாள். “போட மாட்டேன்னுட்டானா? அவனுங்களுக்கு என்னாடி, நம்ம அசிங்கந்தான் வேணும். எனக்கு அப்பவே தெரியும், நீ எடுத்திருக்க மாட்டேன்னு. மூணு வாட்டி பாத்தேன், மூணு வாட்டியும் அப்டித்தான் நெனச்சேன்.”

“மொத வாட்டியே நெனச்சிட்ட இல்ல. அப்பறம் ரெண்டு வாட்டி எதுக்கு?”

ராஜாம்பாளுக்குத் துணி எடுக்கிற வேலை ஞாபகம் வந்துவிட்டது.

வீட்டுக்காரர், “வுடு, நாலு நாள்ல மறந்துடுவாங்க” என்றார். பரீட்சைக்கு நாலு நாள் இல்லையே என்றாள் அம்சவல்லி.

ஏழு மணிக்கு மறுபடி ராஜாம்பாள் குரல். “அம்சா, டிவியப் போடு. சீக்கிரம்.”

துர்கா போர்வைக்குள்ளிருந்து, “வேணாம்மா” என்றாள்.

“என்னா காட்டறான்னு தெரிஞ்சாத்தான நாளைக்குப் போயி கேக்க முடியும்” என்று அம்சவல்லி சுவிட்சைத் தட்டினாள்.

அதே பேய் மியூசிக். ‘கையும் களவுமாகச் சிக்கினார்’ என்று அதே எழுத்து.

சிவப்பு வட்டத்துக்குள் பிலோமின்ராஜின் முகம் இருந்தது.

“இவன் பேரு பிலோமின்ராஜ். இந்த சேனலு மொதலாளி” என்றது அவருடைய குரலே. “போன சனிக்கெழம, யாரையும் ஒரு வார்த்த விசாரிக்காம, கம்பெனியே எடுத்துக்கன்னு குடுத்தத எடுத்துக்கினு போன ஒரு அம்மாவ, திருடின்னு ஊருக்கே காட்டினான். மூஞ்சிய நல்லாப் பாத்து வச்சிக்குங்க.”

அம்சவல்லியின் பேர் வரவில்லை. முகமும் வரவில்லை.

துர்கா எழுந்து உட்கார்ந்து பார்த்தாள்.

அவளைப் பதினோரு முறை காட்டியிருந்தார்கள். தன்னையும் பதினோரு முறை காட்டுவது என்று பிலோமின்ராஜ் முடிவு செய்திருந்தார்.